மீன் வறுத்த சித்தி

போன மாதம் நம் தெரு வாட்ஸப் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள்: "அந்த மீன் வறுத்த சித்தி இப்ப எங்க இருக்காங்க? உயிரோட இருக்காங்களா?" அதற்குக் கீழே நான்கு பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தீர்கள். ஒருவர் மட்டும் கைகூப்பியிருந்தார். அவர் இரங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் ஒரே கைகூப்பல் போடுகிறவர், ஆகையால் அவரைச் சேர்க்கவில்லை.

நான் பதில் போடவில்லை. அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது. சாயங்காலம் டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் எரிச்சல் உங்கள்மேல் பாதி, என்மேல் பாதி என்று பட்டது. உண்மையைச் சொன்னால் என்மேல் முக்கால்.

திருப்பாப்புலியூர் ரயிலடிக்குப் பின்னால் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாம். இப்போது ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு மாத்திரை டப்பா. காலை வணக்கப் பூப்படமும் முட்டிவலிக்கு முடக்கத்தான் கீரையும் வருகிற அந்தக் குழுவில் இவ்வளவு நீளமாக யாரும் எழுதியதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் கூட இருந்த விஷயம்தான் இது.

உங்களுக்குத் தெரிந்த கதை இவ்வளவு: என் சித்தி, அதாவது என் அப்பாவின் தம்பி மனைவி, வீட்டில் அம்மை போட்டிருந்தபோது மீன் வறுத்தாள். ஆத்தா கோபித்துக்கொண்டு போய், ஏழு வருஷம் பொறுத்திருந்து, அவள் பிள்ளையை எடுத்துக்கொண்டாள். தெருவில் எந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகினாலும், "அவ மீன் வறுத்த மாதிரி எதுனா பண்ணித் தொலைக்காத" என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லிக்கொள்வார்கள். நீங்கள் உங்கள் மருமகள்களிடம்கூடச் சொல்லியிருப்பீர்கள். அந்தக் கதை பொய். அது பொய் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்து எட்டு வருஷம் ஆகிறது. அதில் ஒரு பங்கு எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும்.

அவள் பிள்ளை எனக்குத் தம்பி. ஒரே வீட்டில் முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் சித்தப்பா குடும்பம், நடுவில் பொதுச் சமையலறை. அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. சித்தப்பாவுக்கு நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் வேலை. கரும்பு அரவை நடக்கிற மாதங்களில் அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் கட்டு முழுக்கப் பாகு வாடை அடிக்கும். தம்பி அந்தச் சட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விடுவான்.

அவனிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ரயில் டிக்கெட் இருந்தது. அந்தக் காலத்து அட்டை டிக்கெட், கட்டைவிரல் அகலம், ஒரு முனையில் ஓட்டை போட்டது. ரயிலடி வாசலில் இறங்கி வருகிறவர்களிடம் டிக்கெட்டைத் திரும்ப வாங்குகிறவர் இவனைக் கண்டால் ஒன்றிரண்டைக் கையில் திணித்துவிடுவார். அதைப் பாயில் வரிசையாகப் பரப்பி, ஊர் ஊராக அடுக்கி, ஒரே மூச்சில் சொல்லுவான்: கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம். நமக்கெல்லாம் பரங்கிப்பேட்டையிலேயே மூச்சு நின்றுவிடும். அவன் சிதம்பரம் போய் ஒரு ஊதலும் ஊதுவான்.

நான் ஏழாவது, அவன் மூன்றாவது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, வெளியே போக முடியாமல் எல்லோரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடந்த நாட்கள். ஒரு மதியம் அவன் ஆலப்பாக்கத்துக்கு அடுத்துக் கிள்ளை என்றான். நாம் கைதட்டிச் சிரித்தோம். மறுபடி சொன்னான், மறுபடியும் கிள்ளை. அப்புறம் டிக்கெட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் வகுப்பு வாத்தியாரை உங்களுக்கு நினைவிருக்கும். மூக்குப்பொடி போடுவார், மற்றபடி நல்ல மனுஷர். அடியாத மாடு படியாது என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. தீபாவளி கழிந்து சித்தப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"போன வருஷம் முதல் ரேங்க் வாங்கினவன் இப்ப வாய்ப்பாடு தெரியாதுன்றான். எழுதச் சொன்னா கோட்ட வுட்டு எறங்கி எறங்கிப் போறான். வேணும்னே பண்றான் சார். திமிரு."

அவர் பிரம்பால் அடித்தார். சித்தப்பா ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் கையால் அடித்தார். சோற்றுத் தட்டைக் கவிழ்த்தான் என்று அம்மா குட்டினாள். என் ஜியாமென்ட்ரி பெட்டியைக் கீழே போட்டான் என்று நான் காதைத் திருகினேன். அடிக்காதவள் சித்தி ஒருத்திதான்.

"அவன் பண்ணலக்கா," என்றாள் என் அம்மாவிடம். "அவன் கையி பண்ணுது. அவன் பாவம், பாத்துக்கினு இருக்கறான்."

"கையி தனியாப் பண்ணுமா? நீ குடுக்குற எடம்டி," என்றாள் அம்மா.

நானும் பின்னால் ஆசிரியை ஆனேன். முப்பது வருஷ வேலையில் திமிர் என்று எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சின்மேல் ஏற்றியிருக்கிறேனோ தெரியாது.

மார்கழியில் தலை விழ ஆரம்பித்தது. உட்கார்ந்திருக்கும்போதே யாரோ பிடரியில் தட்டினாற்போல் தலை மார்பில் விழும், உடனே எழும். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். தூங்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் அப்படித்தான், கடிகாரம்போல் தப்பாமல்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் போனைக் கீழே வைக்க நினைப்பீர்கள். வைக்காதீர்கள். நாம் அவனுக்குப் பூம்பூம் மாடு என்று பெயர் வைத்தோம். பிள்ளையார் கோயில் படியில் அவனை உட்காரவைத்து, தலை விழுகிற இடைவெளியைப் பழகிக்கொண்டு, அது விழுவதற்குச் சற்று முன்னால் கேள்வி கேட்போம். "நீ கழுதையா?" தலை விழும். "ஒங்கப்பா திருடனா?" விழும். நாம் உருண்டு சிரிப்போம். முதல் சில நாள் அவனும் நம்மோடு சிரித்தான். அப்புறம் அவன் சிரிக்கிறானா என்று நாம் பார்க்கவில்லை. அந்தப் பெயரை வைத்தது யார் என்று எனக்கு ஞாபகமில்லை, நானாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். கேள்வி கேட்டதில் நான் உண்டு.

பெரியவர்களும் இதையேதான் செய்தார்கள், கொஞ்சம் பக்தியோடு. ஒரு வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு அம்மாள் தயிர் உறை வாங்க வந்தவள், அவன் தலை விழுந்து விழுந்து எழுவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்து தலையாட்டுறா, ஒங்களுக்குத் தெரியலியா?" என்றாள். அங்கேயே உட்கார்ந்து கேட்டாள்: "எம் பொண்ணுக்கு வர்ற தையில அமையுமா தாயே?" விழுந்தது. எங்கள் போதாத காலம், தை பிறப்பதற்கு முன்னாலேயே அந்தப் பெண்ணுக்கு மங்கலம்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை எட்டுப் பத்துப் பேர். அம்மா கூடத்தைக் கழுவிக் கோலம் போட்டாள். தம்பியின் நெற்றியில் மஞ்சள் அப்பி, கையில் வேப்பங்கொத்தைக் கொடுத்து மணையில் உட்காரவைத்தார்கள். கொத்து நழுவி நழுவி விழுந்தது. எடுத்து எடுத்துக் கொடுத்தது நான்தான். வேலை கிடைக்குமா, கர்ப்பம் தங்குமா, வயல் வழக்கு ஜெயிக்குமா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம். இல்லை என்று சொல்லத் தெரியாத சாமியை யாருக்குத்தான் பிடிக்காது?

மூன்றாவது வெள்ளிக்கிழமை சித்தி பின்கட்டிலிருந்து வந்தாள். கற்பூரத் தட்டை எடுத்து வாசலில் வீசினாள்.

"எம் புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல. எழுந்து போங்க எல்லாரும்."

அம்மா எழுந்து நின்றாள். "வந்த ஆத்தாவத் தொரத்துறியே, நீ நல்லா இருப்பியாடி?"

"நான் நல்லா இருக்க வேணாங்க்கா. எம் புள்ள நல்லா இருக்கணும். அவனப் பாருங்க, மூணு மாசத்துல பாதியா ஆயிட்டான்."

அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் ஒருத்திகூட அவள் பக்கம் பேசவில்லை. வழியில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது அப்போது ஆரம்பித்தது.

பொங்கல் கழிந்து அவன் படியில் விழுந்து முன்பல் இரண்டும் உடைந்தது. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. கடலூரில் பார்த்தவர், இங்கே வேண்டாம், சிதம்பரத்துக்குக் கொண்டுபோங்கள் என்றுவிட்டார். சித்தப்பா, சித்தி, அவனைப் பிடித்துக்கொள்ள நான், சித்தி டாக்டரிடம் ஏடாகூடமாக எதையாவது சொல்லிவிடக்கூடாது என்று அம்மா. ரயிலில் ஜன்னலோரம் என் மடியில் உட்கார்ந்து வந்தான். ஸ்டேஷன் பலகை வருவதற்கு முன்னால் நான் அவன் காதில் ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆலப்பாக்கம்டா. புதுச்சத்திரம்டா. அவன் உதடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது, சத்தம் வரவில்லை. பரங்கிப்பேட்டையில் இறால் கூடைகளோடு பெண்கள் ஏறினார்கள், பெட்டி முழுக்கக் கவிச்சி. அப்போது மட்டும் முகத்தைத் திருப்பி மோந்து பார்த்தான். நான் அழுதேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அந்த டாக்டரம்மா அவனைத் தொடவே இல்லை, வெகுநேரம். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவன் தலை விழும்போதெல்லாம் காகிதத்தில் ஒரு கோடு போட்டார். ஒரு வரிசை கோடு ஆனதும் கேட்டார்: "கொழந்தையா இருக்கும்போது இவனுக்குத் தட்டம்மை வந்துச்சா? மணல்வாரின்னு சொல்லுவாங்களே."

பெரியவர்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வந்துச்சும்மா," என்றாள் அம்மா. "பத்து மாசப் புள்ளையில."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சித்தியைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதில் இரக்கம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அம்மா அதில் வேறு எதையோ பார்த்துவிட்டாள்.

பத்து நாள் வைத்துக்கொண்டார்கள். தலையெல்லாம் ஒயர் ஒட்டிக் கோடு கோடாகப் படம் எடுத்தார்களாம், முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்களாம். பதினோராம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலிலேயே தெரு கூடிவிட்டது. சித்தப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மூளையில கிருமியாம். அன்னிக்கு வந்த மணல்வாரியிலேருந்து வந்ததாம். மருந்து கெடையாதுன்னுட்டாங்க. வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கச் சொன்னாங்க."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. முழு உண்மையையும் நம் தெருவில் வைத்தே, நாம் எல்லோரும் கேட்கவே சொல்லிவிட்டார். நம் ஆட்கள் காதில் அம்மை என்ற ஒன்று மட்டும்தான் விழுந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் அம்மா தெருவைப் பார்த்து. "படிச்ச டாக்டரே கண்டுபுடிச்சிட்டாங்க. அம்மையில நடந்த குத்தம்தான். அன்னிக்கு ஆத்தா வூட்டுக்குள்ள இருக்கசொல்ல, கொல்லையில ஒக்காந்து மீன் வறுத்தா இவ. வறுத்தியா இல்லியாடி?"

சித்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "வறுத்தேன்," என்றாள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை அன்றைக்கு நேரில் பார்த்தேன். அந்த அம்மை முதலில் வந்தது எனக்கு. எனக்கு ஐந்து வயது. கண் எரிச்சலும், விடாத இருமலும், மேலெல்லாம் மணலை அள்ளிப் பூசினாற்போல் சிவப்புப் பொரியும் ஞாபகம் இருக்கிறது. கூடத்தில் வேப்பிலை பரப்பிப் படுக்கவைத்தார்கள். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக்கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, கவிச்சி கூடாது. எல்லோருக்கும் கஞ்சியும் வெறும் பருப்பும்தான். சித்தி பத்து மாதப் பிள்ளையோடு பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஆத்தாளுக்குப் பயந்து புள்ளைய ஒளிப்பாங்களா? ரெண்டுக்கும் ஒண்ணா வந்துட்டு ஒண்ணாப் போவட்டும், ஒரே தண்ணியா ஊத்திடலாம். தனித்தனியா வந்தா வூட்டுல மாசக்கணக்குல அடுப்பு எரியாது."

இது அம்மா கண்டுபிடித்த வழக்கம் இல்லை. நம் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள், உங்கள் வீட்டிலும். பிள்ளையைக் கொண்டுவந்து என் பாயில், என் பக்கத்தில் போட்டார்கள். அவன் காலைத் தூக்கி என் வயிற்றில் போட்டுக்கொண்டு தூங்கினான். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவனுக்கும் பொரிந்தது.

மீன் என்ன ஆயிற்று என்றால், எனக்கு முதல் தண்ணீர் ஊற்றி முடிந்ததும் பசி பிடுங்கியது. கஞ்சியைத் துப்பினேன். மீன் வேண்டும் என்று இரண்டு நாள் விடாமல் அழுதேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்த மதியம், தேவனாம்பட்டினத்திலிருந்து கூடையோடு வருகிற அம்மாளிடம் சித்தி மூன்று துண்டு வாங்கி, கொல்லையில் இரண்டு செங்கல்லைக் கூட்டி வறுத்தாள். முள் எடுத்து எனக்கு ஊட்டினாள். தான் ஒரு துண்டும் தின்னவில்லை. வாடை போகுமா? அம்மா வந்து கேட்டபோது, "எனக்கு ஆசையா இருந்துச்சுக்கா" என்றாள்.

அதாவது, மீன் கேட்டதும் நான், தின்றதும் நான். ஏழு வருஷம் கழித்துத் தெரு முன்னால் அவளை நிறுத்தி வைத்துக் கேட்டபோது நான் வாசல் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். சித்தி ஒரு தடவை அந்தக் கதவைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. பயம். வறுத்தவள் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால் தின்றவளை ஆத்தா என்ன செய்வாள்? அன்றிலிருந்து வெகுநாள் கண்ணாடி முன்னால் நின்று என் தலை விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். சித்தி ஆடியில் தீச்சட்டி எடுத்தாள், கோயில் தரையில் மண்சோறு தின்றாள், ஈரப்புடவையோடு உருண்டாள். குற்றத்தைத் தெருவே ஏற்றுக்கொண்ட பிறகு பரிகாரத்துக்குக் குறைச்சலா? தலை விழுவது நின்றது. ஆத்தா மனம் இரங்கிவிட்டாள் என்று ஒரு வாரம் கொண்டாடினோம். நின்றதும் கை கால் விறைத்துக்கொண்டது. விழுங்க முடியவில்லை. சித்தி பஞ்சில் பாலைத் தொட்டு உதட்டில் பிழிந்துகொண்டே இருப்பாள். ரயில் போனால் மட்டும் கண்ணைத் திறப்பான், அப்புறம் அதுவும் இல்லை. அடுத்த தை பிறந்து நான்காம் நாள் போய்விட்டான். எட்டு வயது. பாயையும் துணிகளையும் டிக்கெட் டப்பாவையும் அம்மா கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். அட்டை சீக்கிரம் எரியாது, வெகுநேரம் புகைந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தப்பா வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்தில் ஓர் அரிசி ஆலையில் சேர்ந்தார். சித்தி அப்புறம் நம் தெருவில் கால் வைக்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை ஊசி போட்டார்கள் அல்லவா? நான் அப்போது மேல்பட்டாம்பாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளியில் இருந்தேன். எங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்று பெற்றோர் வாசலில் கூடிவிட்டார்கள், கையில் போன், போனில் யாரோ அனுப்பிய வதந்தி. ஊசி போட வந்திருந்த இளம் டாக்டர் அவர்களை ஹாலில் உட்காரவைத்துப் பேசினார். தட்டம்மை என்றால் என்ன, நிமோனியா எப்படி வருகிறது என்று சொல்லிக்கொண்டே போனவர், ரொம்ப அபூர்வமாக இன்னொன்றும் உண்டு என்றார். "அம்மை நல்லாப் போயிடும். கொழந்தை ஓடியாடி விளையாடும். பல வருஷம் கழிச்சு திடீர்னு படிப்பு கொறையும், கையில இருக்கறது நழுவும், அப்புறம் தலை சொடுக்கிச் சொடுக்கி விழும்."

அவர் தம்பியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு அவரைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அதற்கு எஸ்.எஸ்.பி.இ. என்று பெயர். அம்மை போன பிறகும் அந்தக் கிருமி மூளைக்குள் தங்கி, வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வேலை செய்யும். இரண்டு வயதுக்குள் தட்டம்மை வந்த குழந்தைகளுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். இன்றைக்கும் அதைக் குணமாக்க மருந்து இல்லை. முதலிலேயே ஊசி போட்டு அம்மை வராமல் தடுப்பது ஒன்றுதான் வழி. தம்பி பிறந்தபோது அந்த ஊசி நம் பக்கம் வந்திருக்கவில்லை.

"பக்கத்துல படுக்க வச்சதாலயா டாக்டர்?"

"ஒரே வீட்டுல இருந்தாலே போதும் டீச்சர், அது காத்துல பரவுறது. படுக்க வச்சது தப்புதான். வைக்கலேன்னாலும் வந்திருக்கலாம்."

"மீன் வறுத்ததால?"

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது," என்றார்.

வாசலுக்குப் போய்ப் பெற்றோர்களிடம் போட்டுக்கொள்ளுங்கள், நல்லதுதான் என்று சொன்னேன். தம்பி கதையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் பத்துப் பேர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதில் நான் வருகிறேனே, எப்படிச் சொல்வது?

அம்மாவிடமும் சொல்லவில்லை. அவளுக்கு எண்பது ஆகியிருந்தது. காரணம் மீன் இல்லை என்று சொன்னால் பாய் என்று சொல்ல வேண்டும். பாயில் கொண்டுவந்து போட்டது அவள். அவளை நோகடிக்க மனம் வரவில்லை. அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று சித்தியை அப்படியே விட்டுவிட்டேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் அம்மா போனபோது சித்தி வந்து பந்தல் ஓரமாக நின்றாள். எனக்குப் பின்னால் ஒருத்தி கிசுகிசுத்தாள், "மீன் வறுத்தவ வந்துருக்கா." திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை.

உங்கள் சிரிக்கிற பொம்மைகளைப் பார்த்த மறுநாள் சிதம்பரத்துக்குப் போனேன். சித்தப்பா இப்போது உயிரோடு இல்லை. சித்தி, அப்புறம் பிறந்த மகளோடு இருக்கிறாள். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேச ஆரம்பித்ததும் சத்தத்தைக் குறைத்தாள், படத்தை அணைக்கவில்லை. கிருமி, பாய், ஊசி, மீன், கதவு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னித்துவிடு சித்தி என்று அழுதேன். அவள் அழவில்லை.

"ஒங்கம்மா இருக்கசொல்ல இத சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"சொல்லியிருக்கணும் சித்தி," என்றேன்.

"மீன் வறுத்ததால எம் புள்ள சாவலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டி. அந்த டாக்டரம்மா என் கையப் புடிச்சிக்கினு சொன்னாங்க, ஓம் மேல ஒரு தப்பும் இல்லம்மான்னு. அதுவும் இல்லாம, அஞ்சு வயசுப் புள்ளைக்கு மூணு துண்டு மீனு குடுத்தேன்னு எந்த ஆத்தா எம் புள்ளைய எடுப்பா? ஆத்தாவ அவ்ளோ கேவலமா நெனச்சது ஒங்க தெருதான்."

"அப்ப ஏன் சித்தி எதுவும் சொல்லல? தீச்சட்டி எடுத்தியே, உருண்டியே?"

"நீ கதவு பின்னாடி நின்னுக்கினு இருந்தியே. ஒம் பேரச் சொன்னா ஒன்ன வுடுவாங்களா? உருண்டா ஒருவேள புள்ள பொழச்சிக்குவானோன்னும் இருந்துச்சு, பெத்தவளுக்கு எது கெடைக்குதோ அதப் புடிச்சிக்குவா." டிவியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எனக்குத் தெரிஞ்சத வந்து எங்கிட்டயே சொல்லிட்டு அழுவுற. தெரியாதவங்க கிட்டப் போயி சொல்லு."

"யாருகிட்ட?"

"தெருகிட்ட. எவன் எவன் வாயில இருக்கேனோ அவங்கிட்ட."

சொல்கிறேன் என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"வறுத்த மீன இத்தன வருஷமா ஞாபகம் வச்சிருக்காங்களே. எம் புள்ள பேரு ஒருத்தருக்காச்சும் ஞாபகம் இருக்குதான்னு கேளு."

ஆகவே கேட்கிறேன். இவ்வளவு நீளத்தில் அவன் பெயரை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. உங்கள் வீட்டுக் கூடத்தில் விளையாடியவன், உங்களில் இரண்டு பேரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். சனிக்கிழமை மறுபடியும் சிதம்பரம் போகிறேன். அவள் கேட்பாள். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.